எழுதப்படாத வரி

அப்துல் கனி டவுன்டவுன் அலுவலகத்தில் குழாய் வரைபடங்களைச் சரிபார்ப்பவர். எதையும் கடைசி வரிவரை படிக்காமல் கையெழுத்துப் போடமாட்டார். அதனால்தான் மகள் ஃபைஹாவின் பள்ளி விவாதப் போட்டிக்கு நடுவராக வரச் சொன்னபோது, விதித்தாளை மூன்று முறை படித்துவிட்டுக் கிளம்பினார்.

"ஜட்ஜுக்கு டை இல்லையா?" என்றாள் மனைவி சாலிஹா.

"பேரன்ட் வாலன்டியர்தானே புள்ள."

"போங்க. அங்கயாச்சும் நீங்க சொல்றத நாலு பேர் கேப்பாங்க."

சாலிஹா வீட்டு வேனைக் கேட்டதால், தான் வேலைக்கு ஓட்டிப்போகும் காரிலேயே மகளை அழைத்துப் போனார். முன்சீட்டில் சாமான் கிடக்கிறது என்று சொல்லி அவளைப் பின்னால் உட்கார வைத்தார். முன்சீட்டில் ஒன்றும் இல்லை.

ஓராண்டுக்கு முன்புவரை அந்தச் சீட்டில் அலுவலக நண்பன் ஜுனைத் வருவான். கராச்சிக்காரன், ஆறடிக்கு மேல் உயரம். அவன் பெல்ட் மாட்டும் சத்தம் கேட்ட பிறகுதான் கனி காரை எடுப்பார். வீடிருந்த புறநகரான சுகர் லேண்டிலிருந்து இருவரும் சேர்ந்து போனதால், இரண்டு பேர் இருந்தால் மட்டும் அனுமதிக்கும் வேகத் தடம் கிடைத்தது. 2003 தொடக்கத்தில், விசாவில் இருக்கும் அவன் நாட்டு ஆண்கள் குடியேற்ற அலுவலகத்துக்கு நேரில் வந்து பதிய வேண்டும் என்று ஆணை வந்தது. அவன் விசா நீட்டிப்பு இன்னும் வரவில்லை, தயங்கினான். இந்த நாட்டு நாடாளுமன்றமான காங்கிரஸ் போட்ட சட்டம், போய்ப் பதிந்துவிடு என்று வற்புறுத்தியவர் கனி. காரில் கொண்டுபோய் இறக்கியவரும் அவரே. மாலை வரை வாசலில் காத்திருந்தார். ஜுனைத் வெளியே வரவில்லை. நாலாவது வாரம் அவனைக் கராச்சிக்கு அனுப்பிவிட்டார்கள்.

அதன்பிறகு கனி அரசியல் சட்டப் புத்தகத்தை வாங்கி வரி வரியாகத் தேடினார். குடியுரிமை தருவது பற்றி ஒரு வரி இருந்தது. ஒருவனைப் பிடித்து அனுப்பும் அதிகாரம் பற்றி எதுவும் இல்லை. ஒருநாள் தனியாகவே வேகத் தடத்தில் ஏறிவிட்டார். நிறுத்திய போலீஸ்காரர் இன்னொருவர் எங்கே என்று கேட்டதும், கனி திரும்பி சீட்டைப் பார்த்தார்.

வகுப்பறையில், எழுதப்படாத அதிகாரம் காங்கிரஸுக்கு உண்டா என்பதே தலைப்பு. உண்டு என்று வாதாடிய பையனுக்குப் பதினாறு வயதிருக்கும். எழுதிய அதிகாரத்தை நடத்திக்காட்டத் தேவையானதெல்லாம் அதற்குள்ளேயே அடக்கம் என்பது அவன் வாதம். வெளிநாட்டினரை அனுப்புவதற்கும் தனி வரி தேவையில்லை என்றான். ஓராண்டாகத் தேடியது இதுதானா என்று கனிக்குப் பட்டது. அப்படியானால் ஜுனைத்திடம் தான் சொன்னது சரிதான். ஆனாலும் மனப்பாரம் இறங்கவில்லை.

எதிரணிப் பெண் எழுந்தாள். இந்த அதிகாரம் எந்த எல்லையில் நிற்கும் என்று கேள் என மனதுக்குள் கெஞ்சினார். அவள் கேட்கவில்லை, குறிப்பு அட்டைகளைப் புரட்டியே நேரத்தை விட்டாள். அறையில் பேசப்பட்ட வாதங்களை வைத்துத்தான் தீர்ப்பு என்றது விதித்தாள். கனி வென்றவராகப் பையனின் பெயரை எழுதிக் கையெழுத்திட்டார்.

திரும்பும்போது ஃபைஹா முன்கதவைத் திறந்தாள். "வாப்பா, தேர்ஸ் நத்திங் ஹியர். ஒய் இஸ் திஸ் ஸோ ஃபார் பேக்?" பின்னால் தள்ளிக்கிடந்த சீட்டை முன்னால் நகர்த்தக் குனிந்தாள்.

"அதத் தொடாதம்மா. பின்னாடி உக்காரு."

அவள் வாப்பாவின் முகத்தைப் பார்த்துவிட்டுப் பின்னால் போய் பெல்ட்டை மாட்டினாள். கார் நகரவில்லை.

"வாப்பா? ஐம் ரெடி."

"இரு," என்றார் கனி. முன்சீட்டில் பெல்ட் மாட்டும் சத்தம் இன்னும் கேட்கவில்லை.