மேல்வீட்டுக்காரரின் தீவு

லண்டன் ஃபாரஸ்ட் கேட்டில் நான் இருக்கும் கட்டடத்தில் கடிதங்கள் வீடு மாறி வருவது வழக்கம். இரண்டு வருடங்களுக்கு முன் என் கதவுக்குள் விழுந்த ஒரு கடிதத்தில் அசல் தமிழ்ப் பெயர் ஒன்று இருந்தது. இலக்கம் மேல்வீட்டுடையது. மனைவி போய்ச் சேர்ந்த பிறகு தமிழ் பேச ஆளில்லாமல் வானொலியோடு வாதாடிக்கொண்டிருந்த எனக்கு அது லொத்தர்ச் சீட்டில் பரிசு விழுந்த மாதிரி. படியேறிக் கதவைத் தட்டினேன்.

"அண்ணை, தமிழோ?"

எழுபது வயது மதிக்கத்தக்கவர். நிறமும் மீசையும் நம்மாட்களுடையவைதான். "தமிழன்தான், ஆனால் தமிழ் தெரியாது" என்று ஆங்கிலத்தில் சொன்னார். மொரீசியஸ்காரர். இளம் வயதில் ஆஸ்பத்திரியில் தாதி வேலைக்கென்று லண்டன் வந்து, ஓய்வு பெற்று, என்னைப் போலவே தனிக்கட்டையாகிவிட்டவர். எனக்குச் சப்பென்று போய்விட்டது. ஆனாலும் தேநீர் தந்தார், குடித்தேன்.

பிறகு ஒவ்வொரு வியாழன் பின்னேரமும் போனேன். மற்ற ஆறு நாளும் எப்படிப் போயின என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது.

அவர் பேச்செல்லாம் தீவுதான். மேசையில் விரலால் வரைந்து காட்டுவார். காலையில் ஒரு முனையில் பஸ் ஏறினால் மறுமுனையைப் பார்த்துவிட்டு இருட்டுமுன் வீடு திரும்பிவிடலாமாம். நடுவில் மேட்டு நிலம், அங்கே எப்போதும் மழை. அதே நேரம் கரையில் வெயில் கொளுத்தும். உச்சியில் ஒரு உருண்டைப் பாறையைச் சுமந்து நிற்கும் மலை ஒன்று உண்டு. சுற்றிவரப் பவளப்பாறை இருப்பதால் அலை தூரத்திலேயே உடைந்துவிடும். எங்கும் கரும்பு. வெட்டுகிற காலத்தில்தான் பக்கத்து வீடு கண்ணுக்குத் தெரியுமாம். கோயிலில் வாழையிலை போட்டு ஏழு கறி வைப்பார்கள், சீனக் கடைக்காரரும் பந்தியில் உட்காருவார். ஆதியில் அங்கே மனிதரே இல்லை, எல்லோரும் கப்பலில் வந்து இறங்கியவர்கள்.

"உண்மையான ஊர்க்காரன் டோடோப் பறவை மட்டும்தான். அதையும் ஒழித்துக்கட்டிவிட்டார்கள்" என்று சிரிப்பார். "எங்கள் ஊர்" என்று சொல்லும்போது மட்டும் குரல் தணியும்.

எங்கள் யாழ்ப்பாணத்தாருக்கு ஒரு வியாதி உண்டு. தமிழர் ஒருவரைக் கண்டால் "ஊர் எவடம்?" என்போம். சொன்னால், "அதிலை எவடம்?" கோயிலடியா, சந்தையடியா என்று தெரு, ஒழுங்கை வரை போய், ஆள் இன்னார் என்று பிடிபட்ட பிறகுதான் மனம் ஆறும். அவரிடமும் அதையே காட்டினேன். முன்னோர் இந்தியாவில் எந்த ஊர்? தெரியாது என்றார். கரும்புத் தோட்டத்துக்கு வந்த கூலிகள், அவ்வளவுதான் தெரியும். அடுத்த வியாழனும் கேட்டேன். அதற்கடுத்ததும். ஒருநாள் பொறுமையிழந்து, "ஊரும் தெரியாது, பாஷையும் தெரியாது, பிறகு எப்படி நீங்கள் தமிழர்?" என்று கேட்டுவிட்டேன்.

அவர் கோப்பையைக் கீழே வைத்தார். "என் ஊரைப் பற்றித்தானே இவ்வளவு நாளும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்" என்றார். எழுந்து போய்க் கதவைத் திறந்து பிடித்தார்.

கனடாவில், எட்மண்டனில் இருக்கும் மகனிடம் போனில் முறையிட்டேன்.

"அப்பா, நீங்கள் ஆளைக் கண்டால் விசாரணை வைக்கிற ஆள். போய் மன்னிப்புக் கேளுங்கோ."

"ஏலாது. நான் என்ன பிழை விட்டனான்?"

"என்ரை பிள்ளையளை ஊர் எவடம் எண்டு கேட்டால் எட்மண்டன் எண்டுதான் அதுகள் சொல்லும். அதுகளும் தமிழ் இல்லையோ?"

போனை வைத்துவிட்டேன்.

ஐந்து வியாழன் வீம்பு பிடித்தேன். மேலே அவர் நடப்பது கேட்கும். பிறகு சில நாள் அதுவும் கேட்கவில்லை. அவரும் வீம்பு பிடிக்கிறார் என்றுதான் நினைத்தேன். ஆறாவது வியாழன் ஈஸ்ட் ஹாம் தமிழ்க் கடையில் வடை வாங்கிக்கொண்டு படியேறினேன். கதவைத் திறந்தவர் வேறொருவர், கையில் பெயின்ட் வாளி. இங்கே இருந்த பெரியவர் தீவுக்கே போய்விட்டாராம். இனி வரமாட்டாராம்.

வடையை நானே தின்றேன். தின்றுகொண்டே அழுதேன்.

போன கிழமை அவர் பெயருக்கு ஒரு கடிதம் மறுபடி என் கதவுக்குள் விழுந்தது. எனக்குக் கொள்ளை சந்தோஷம். அனுப்பிவைக்கிற சாட்டில் மன்னிப்பும் கேட்டுவிடலாம் அல்லவா? இரண்டு பக்கம் எழுதி, அவருடைய கடிதத்தோடு பெரிய உறைக்குள் வைத்து ஒட்டினேன். மேலே அவர் பெயரை எழுதினேன். அடியில் மொரீசியஸ் என்று எழுதினேன். இடையில் ஊரை எழுத வேண்டும். கட்டடத்தை நிர்வகிக்கிற அலுவலகத்தில் விசாரித்தேன், விலாசமெல்லாம் தரமுடியாது என்றார்கள்.

மழை பெய்யும் மேடு எனக்குத் தெரியும். பாறை சுமக்கும் மலை தெரியும். கரும்பு வெட்டிய பிறகு அவர் வீட்டு வாசலிலிருந்து பார்த்தால் கடல் எவ்வளவு தெரியும் என்பதுகூடத் தெரியும். அந்த ஊரின் பெயரை மட்டும் நான் ஒருநாளும் கேட்கவில்லை.