கால் என்றால் எதுவரை

எங்கள் மகள் பிறந்தபோதே இடது தொடை குட்டையாக இருந்தது. பார்க்க வந்தவர்கள் அத்தனை பேரும் அந்தத் தொடையைத்தான் பார்த்தார்கள். எண்ணெய் தேய்த்து உருவினால் நீளும் என்றார்கள் சிலர், வளர வளரச் சரியாகும் என்றார்கள் சிலர். பாதத்தை யாரும் ஒரு பொருட்டாக நினைக்கவில்லை. அதில் மூன்று விரல்கள்தான். வெளிப்பக்கம் சாய்ந்தே இருக்கும். நானும் என் கணவரும்கூடத் தொடை எலும்பை எப்படி நீளமாக்குவது என்று கேட்டுத்தான் ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக அலைந்தோம்.

அவளுக்கு ஆறு வயதானபோது கோரிப்பாளையம் பக்கம் ஒரு எலும்பு டாக்டரிடம் போனோம். அவர் தொடையைச் சும்மா தொட்டுப் பார்த்துவிட்டு, கணுக்காலையே வெகுநேரம் இப்படியும் அப்படியும் அசைத்துக்கொண்டிருந்தார்.

"தொடை எலும்பு குறையாப் பிறக்கிற பிள்ளைங்க நிறையப் பேருக்குப் பாதமும் கணுக்காலும் சரியா அமையாதும்மா. இவளுக்கு முழங்காலுக்குக் கீழ வெளிப்பக்க எலும்பே இல்ல. கணுக்கால் நிலையா நிக்காது. தொடைய நீட்டினாலும் பாதம் தாங்காது. காலை எடுத்துட்டுச் செயற்கைக் கால் போட்டா ஓடியாடித் திரிவா. யோசிச்சுச் சொல்லுங்க" என்றார்.

காலை எடுப்பது என்ற சொல்லுக்குப் பிறகு எங்கள் காதில் எதுவும் ஏறவில்லை. என் கணவர் ஆஸ்பத்திரி வாசலிலேயே நின்று பேரையூரில் இருக்கும் தங்கைக்குப் போன் போட்டார். "தொடையோட எடுக்கணுமாம்த்தா" என்று சொல்லி அழுதார். டாக்டர் அப்படிச் சொல்லவேயில்லை. நான் மிஷன் பள்ளியில் தமிழாசிரியை. "கால்" என்றால் உறுப்பு, காற்று, நாலில் ஒரு பங்கு என்று ஏழாம் வகுப்புப் பிள்ளைகளைக் கடகடவென்று ஒப்பிக்க வைப்பவள். அந்த உறுப்பு எங்கே தொடங்குகிறது என்று கேட்க எனக்கும் தோன்றவில்லை. நம் மொழியில் செருப்பு மாட்டுவதும் காலில்தான், தொடை முறிந்தாலும் முறிந்தது கால்தான்.

மறுநாள் காலையிலேயே நாத்தனார் பஸ் ஏறி வந்துவிட்டாள். வாசலில் ஒரு அழுகை, உள்ளே ஒரு அழுகை. பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு தொடையைத் தடவித் தடவி மூக்கைச் சிந்தினாள். டிவி போடக்கூடாது என்றாள். இழவு வீடு தோற்றது. இரண்டு நாள் பார்த்தேன். பிறகு பொறுக்கமுடியாமல் தனியாகக் கிளம்பி டாக்டரிடமே போனேன்.

"எதுவரைக்கும் சார் எடுப்பீங்க?"

அவர் திகைத்துப்போனார். "பாதத்தை மட்டுந்தாம்மா. முழங்கால், தொடை எல்லாம் அப்படியே இருக்கும். குதிகால் தோலை மட்டும் விட்டுவச்சு, எலும்புக்கு அடியில வச்சுத் தைப்போம். அதுல ஊன்றி நிப்பா."

வீட்டுக்கு வந்து சொன்னேன். என் கணவர் தரையில் உட்கார்ந்து சிரித்தார். நாத்தனார் கையெடுத்துக் கும்பிட்டாள். "அம்புட்டுத்தானா? பாதந்தானா! தலைக்கு வந்தது தலப்பாகையோட போச்சு மதினி" என்று சொல்லிவிட்டு, கேசரி கிண்டப்போகிறேன் என்று அடுப்படிக்குக் கிளம்பினாள்.

எனக்கு எங்கிருந்துதான் அம்மாதிரிக் கோபம் வந்ததோ. "என் பிள்ளையோட பாதம் ஒனக்குத் தலைப்பாகையா?" என்று கத்திவிட்டேன். ரவை டப்பாவோடு அப்படியே நின்றாள் பாவம். அவளைச் சொல்லி என்ன? டாக்டர் சொன்னதைக் கேட்டு, திரும்பி வரும் பஸ்ஸில் எனக்கே நெஞ்சு லேசாகித்தான் இருந்தது. முதலிலேயே பாதம் என்று காதில் விழுந்திருந்தால் அந்தப் பாதத்துக்காக அழுதிருப்போம். முழுக் காலுக்கும் அழுது தீர்த்துவிட்டதால் பாதத்துக்கு என்று யாரிடமும் கண்ணீர் மிச்சமில்லை. அதுதான் என்னைச் சுட்டது.

பாதத்துக்கு உரியவள் மட்டும் சிரிக்கவில்லை. "இத எடுத்துட்டா நான் எதுலம்மா நிப்பேன்?" என்று கேட்டாள்.

"குதிகால் இருக்கும்டா. அதுல நிக்கலாம்."

காலை விரலால் ஒவ்வோர் இடமாகத் தொட்டுப் பார்த்தாள். "குதிகால், கணுக்கால், முழங்கால் எல்லாத்துலயும் கால் இருக்கு. பாதத்துல மட்டும் இல்ல. அதான் எடுக்கிறாங்களா?"

தமிழாசிரியை கேசரி எடுத்துவருகிறேன் என்று அடுப்படிக்கு எழுந்துபோனேன். நாத்தனார் கிண்டி வைத்த கேசரி ஆறிக்கொண்டிருந்தது.

பிறகு வேறு இரண்டு டாக்டர்களையும் பார்த்தோம். செயற்கைக் காலோடு பள்ளிக்கூடம் போகிற ஒரு சிறுமியை மேலூரில் போய்ப் பார்த்தோம். அவள் எங்கள் கண்முன் நொண்டி விளையாடினாள். என் மகள் வைத்த கண் வாங்காமல் பார்த்தாள். திரும்பும் வழியில், "நானும் அப்படி வெளாடணும்" என்றாள். அதற்குமேல் யோசிக்க எங்களுக்கு ஒன்றுமில்லை.

கோரிப்பாளையம் டாக்டர் பேனாவால் கணுக்காலைச் சுற்றி ஒரு கோடு போட்டுக் காட்டினார். எதுவரை என்று இந்தமுறை சந்தேகம் வரக்கூடாது என்று நினைத்தாரோ என்னவோ. கோட்டுக்குக் கீழே இருந்த மூன்று விரல்களும் என் கைக்குள் இருந்தன. "சம்மதமாம்மா?" என்றார். "சம்மதம் சார்" என்றேன். சொன்ன பிறகும் என் கை அந்த விரல்களை விடவில்லை.

"விடும்மா, கூசுது" என்று சிரித்தாள்.