ஜீவனாம்சம் பற்றி நான் போட்ட மனு

போர்ட் பிளேர் மரைன் ஹில் இறக்கத்தில் ஒரு ஜெராக்ஸ் கடையில் டைப் செய்யும் வேலையில் இருந்தேன். வருகிறவர்களில் பாதிப் பேருக்குத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனு அடிக்க வேண்டியிருக்கும். ரேஷன் கார்டு ஏன் வரவில்லை, கப்பல்துறை ஜெட்டிக்குப் போகும் ரோட்டை எந்த காண்டிராக்டர் போட்டார் என்று ஊர்க் கேள்விகளையெல்லாம் அடித்துக் கொடுத்த நான், எனக்கென்று மனு போட்டது ஒரே ஒரு தடவைதான்.

அப்போது எனக்குக் கல்யாணம் பேசியிருந்தார்கள். மாப்பிள்ளைக்குத் தீவுகளுக்கிடையே ஓடும் கப்பலில் என்ஜின் ரூம் வேலை. விவாகரத்தானவர். வடக்கே ரங்கத் என்ற ஊரில் தாயோடு ஒரு மகள் இருக்கிறாள், கோர்ட் உத்தரவுப்படி அவள் செலவுக்கு மாதாமாதம் சம்பளத்தில் பிடிக்கிறார்கள் என்பதை முதல் சந்திப்பிலேயே சொல்லிவிட்டார். எனக்குத்தான் மனசுக்குள் அரித்துக்கொண்டே இருந்தது. சொன்னது நிஜமா? பெற்ற பிள்ளைக்குக் கொடுக்காத ஆளோடு எப்படிக் குடித்தனம் நடத்துவது? சம்பளச் சீட்டைக் காட்டுங்கள் என்று அவரிடம் கேட்கக் கூச்சம். கைவசம் தொழில் இருக்கிறதே என்று அவருடைய ஆபீசுக்கே மனு அனுப்பினேன்.

இன்னொருவரைப் பற்றிய விவரம் கேட்டால், சம்பந்தப்பட்டவர்களுக்குத் தெரிவித்து அவர்கள் கருத்தைக் கேட்பது வழக்கம். அது எனக்குத் தெரியும்; அவருக்குத் தெரிந்தால் தெரியட்டும், முகத்துக்கு நேரே கேட்பதற்கு இது தேவலை என்று நினைத்தேன். அந்தச் சம்பந்தப்பட்டவர்களில் குழந்தையின் தாயும் உண்டு என்பது மட்டும் எப்படியோ என் மூளையில் ஏறவில்லை.

ஒரு நாள் மத்தியானம், மனுவில் நான் போட்டிருந்த நம்பருக்குப் போன் வந்தது. பெண் குரல்.

"நீங்கதானே எம்மகளப் பத்தி ஆபீசுல கேட்டு எழுதுனது?"

திட்டப்போகிறாள் என்று நினைத்தேன். ஆனால் அந்தக் குரலில் கோபம் இல்லை.

"நான்தாங்க, அவரக் கட்டிக்கப் போறவ. உங்ககிட்ட சம்மதம் கேட்டாங்களா?"

"கேட்டாங்க. குடுக்க வேணாம்னு எழுதிப் போட்டுட்டேன். அடுத்த வாரம் பிள்ளைக்குக் கண்ணு காட்ட போர்ட் பிளேருக்கு வர்றேங்க. நேர்ல வாங்க, பேசுவோம்."

வேண்டாம் என்று எழுதிவிட்டவள் எதற்காக நேரில் கூப்பிடுகிறாள்? அந்த வாரம் முழுக்க எனக்கு அதே யோசனைதான்.

ஆஸ்பத்திரி பக்கத்து டீக்கடையில் தாயும் மகளும் காத்திருந்தார்கள். அந்தப் பெண் ரங்கத் பஜாரில் தையல் கடை வைத்திருக்கிறாள். அவளுடைய பெற்றோர் இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து கச்சால் தீவு ரப்பர் தோட்டத்துக்கு வந்தவர்களாம். மகளுக்கு ஒன்பது வயதிருக்கும். கண்ணில் சொட்டு மருந்து விட்டிருந்ததால் கண்ணைச் சுருக்கிச் சுருக்கி என்னைப் பார்த்தாள்.

"ஆன்ட்டி, நீங்கதான் அப்பாவ கட்டிக்கப் போறவங்களா? உங்க மூஞ்சி எனக்குத் தெளிவாத் தெரியல."

சிரித்துவைத்தேன். பிறகு தாயிடம், "ஏன் குடுக்க வேணாம்னு எழுதினீங்க?" என்று கேட்டேன்.

"அது எம்புள்ள விசயங்க. இன்னைக்கு உங்களுக்குக் குடுத்தா நாளைக்கு எவன் வேணும்னாலும் கேப்பான். ஒங்கப்பா கோர்ட் சொல்லித்தான் சோறு போடுறாராமேன்னு ஸ்கூல்ல இவள ஒரு வார்த்த சொல்லிட்டா? அதான். ஆனா நீங்க அவரோட வாழப் போறவங்க, உங்களுக்குத் தெரியணும். என்னையக் கேளுங்க, சொல்றேன்."

"பணம் வருதா?"

"வருது. ஒரு மாசம் தவறுனதில்ல."

எனக்கு மூச்சு வந்தது. அவள் விடவில்லை.

"அதுல உங்களுக்கு என்ன தெரிஞ்சுச்சு? ஆபீஸ் பிடிக்குது, பேங்க்ல விழுது. அவரு நெனச்சாலும் நிறுத்த முடியாது. நீங்க கேக்க வேண்டியது அது இல்லீங்க. அவரு கப்பல் ரங்கத் ஜெட்டிக்கு வருதுல்ல, எறங்கி வந்து புள்ளயப் பாக்குறாரான்னு கேளுங்க."

"அப்பாவுக்கு டியூட்டிம்மா," என்று சிறுமி குறுக்கே வந்தாள். பிறகு என் பக்கம் திரும்பினாள். "ஆன்ட்டி, என்ஜின் ரூம்ல ஜன்னலே கெடையாதாம். அப்ப கப்பல் எங்க போகுதுன்னு அவங்களுக்கு எப்படித் தெரியும்?"

எனக்குத் தெரியவில்லை. கேட்டுச் சொல்வதாகச் சொன்னேன்.

கப்பல் திரும்பியதும் அவர் நேராகக் கடைக்கு வந்தார். மனு பற்றி ஆபீஸ் அனுப்பிய கடிதம் அவர் கைக்கும் போயிருந்தது.

"யே க்யா ஹை? என்ன இது? என் சம்பளத்த என்கிட்ட கேட்டா சொல்ல மாட்டேனா?"

"சொல்லியிருப்பீங்க. ரங்கத்துல ஏன் இறங்குறதில்ல? அதச் சொல்லுங்க."

கடிதத்தை மடித்துப் பையில் வைத்தார். "நான் போனா அவ அம்மாவுக்குப் பிடிக்காதுன்னு..."

"கேட்டுப் பார்த்தீங்களா?"

"இல்ல. பணம் ஒழுங்காப் போகுதுல்ல, அது போதும்னு இருந்துட்டேன்."

ஜன்னல் கேள்வியைச் சொன்னேன். அவர் முகம் மாறியது. "அவளா கேட்டா?" என்று ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். மேலே கப்பலை ஓட்டும் பிரிட்ஜ் அறையிலிருந்து கட்டளை எப்படி வருகிறது, ஜெட்டி நெருங்குவதைச் சத்தத்தை வைத்தே எப்படிக் கண்டுபிடிப்பார்கள் என்று கையை ஆட்டி ஆட்டி விளக்கினார்.

"என்கிட்ட எதுக்கு இவ்வளவும்? அவகிட்ட சொல்லுங்க," என்றேன்.

அடுத்த டிரிப்பில் இறங்கினார். அன்று சாயங்காலம் ரங்கத்திலிருந்து போன். "வந்தாருங்க. கப்பல் ஹாரன் அடிக்கிற வரைக்கும் ரெண்டு பேரும் பேசிட்டே இருந்தாங்க, அப்புறம் ஒரே ஓட்டமா ஓடுனாரு."

"என்ன பேசினாங்க?" எனக்கு ஆவல் தாங்கவில்லை.

"எனக்கென்னங்க தெரியும்? நான் தள்ளி நின்னுக்கிட்டேன்."

அந்த வாரமே ஆபீஸ் பதிலும் வந்தது. தனிப்பட்ட விவரம், சம்பந்தப்பட்டவர் சம்மதிக்கவில்லை, தர இயலாது. எத்தனையோ பேருக்கு மேல்முறையீடு அடித்துக் கொடுத்திருக்கிறேன். எனக்கு அடிக்கத் தோன்றவில்லை. அவர்கள் செய்தது சரியாகவே பட்டது.

இன்னும் சில டிரிப்புகள் போகட்டும் என்று காத்திருந்தேன். ஒவ்வொரு தடவையும் இறங்கினார். அதற்குப் பிறகுதான் ரிஜிஸ்டர் ஆபீசில் கல்யாணம் செய்துகொண்டோம். லீவு விட்டால் இப்போது சிறுமி எங்கள் வீட்டுக்கு வந்துவிடுகிறாள். அப்பாவும் மகளும் வாசற்படியில் உட்கார்ந்து மணிக்கணக்கில் பேசுகிறார்கள். டீ எடுத்துக்கொண்டு நான் கிட்டே போனால், "ஆன்ட்டி, ஒரு நிமிஷம்," என்று கையைக் காட்டி என்னை நிறுத்திவிடுகிறாள்.