தங்கச்சி விழுங்கிய நச்சுக்கொடி

மாடு கன்று போட்டால் எங்கள் வீட்டில் யாராவது ஒருவர் கொட்டிலை விட்டு அசையக் கூடாது. கன்று விழுந்ததோடு வேலை முடிந்தது என்று நினைப்பவர்கள் மாடு வளர்க்காதவர்கள். அதற்குப் பிறகுதான் இளங்கொடி என்கிற மாட்டின் நச்சுக்கொடி விழவேண்டும். அது ஒரு மணித்தியாலத்திலும் விழும், நாலு மணித்தியாலமும் இழுக்கும். விழுந்த கையோடு எடுத்துவிட வேண்டும். கண் அசந்தால் மாடு திரும்பி அதைத் தின்றுவிடும், தின்றால் பால் வற்றிப்போகும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. எடுத்ததை வைக்கோலோடு பழைய உரப்பையில் போட்டுக் கட்டி, வட்டுக்கோட்டைக்குப் போகிற வழியில் நிற்கும் ஆலமரத்தில் தொங்கவிடுவோம். பாலுள்ள மரத்தில் தொங்கினால் மாட்டுக்கும் பால் சுரக்குமாம். அந்த மரத்தில் எப்போது பார்த்தாலும் நாலைந்து பைகள் தொங்கும். வெளியூர்க்காரர் மூக்கைப் பொத்திக்கொண்டு போவார்கள். எங்களுக்கு அது கண்ணிலேயே படுவதில்லை.

அப்படி நான் தடியோடு காவலிருந்த ஒரு மத்தியானத்தில்தான் கனடாவிலிருந்து தங்கச்சியின் செய்தி வந்தது. அவளுக்குப் பெண்பிள்ளை பிறந்து ஒன்பது நாள். முதலில் ஒரு படம்: சின்னக் கண்ணாடிப் போத்தல், அதற்குள் மண்ணிறக் குளிசைகள். பின்னால் அவளுடைய குரல்.

"அக்கா, இது என்னெண்டு தெரியுமோ? என்ரை நச்சுக்கொடியைக் காய வைச்சு, இடிச்சு, குளிசையாக்கித் தந்திருக்கினம். ஒரு நாளைக்கு மூண்டு போடட்டாம். எனக்குப் பால் வருகுதில்லை அக்கா. சும்மா இருக்கவே அழுகையாக் கிடக்கு. போடவோ?"

அதை இன்றைக்குக் கேட்டால் அந்தக் குரல் எவ்வளவு களைத்திருந்தது என்று தெரிகிறது. அன்றைக்கு எனக்குக் குளிசை மட்டும்தான் காதில் விழுந்தது. எனக்கு எப்போதும் வாய் முந்தும்.

"உனக்கென்ன விசரே? இஞ்சை மாடு தின்னாமல் நான் தடியோடை காவல் இருக்கிறன். நீ அங்கை மருந்தெண்டு தின்னப் போறியோ?"

சிரிப்பையும் சேர்த்தே அனுப்பினேன். "சரி அக்கா" என்று இரண்டு சொல் எழுதி அனுப்பினாள். அதோடு நிறுத்தியிருந்தாலாவது பரவாயில்லை. இளங்கொடி விழுந்ததும் அதைப் பையில் கட்டி வைத்துவிட்டு, கையைக் கழுவிய ஈரம் காயுமுன் குசினிக்குப் போய் அம்மாவிடம் சொல்லிவிட்டேன்.

அம்மா அப்போது மீன் வெட்டிக்கொண்டிருந்தார். குருநகரிலிருந்து மோட்டார் சைக்கிளில் வரும் மீன்காரர், சினை மீன் கிடைத்தால் எங்கள் படலையில்தான் முதலில் ஹோர்ன் அடிப்பார். அம்மாவுக்குச் சினை என்றால் அவ்வளவு பிரியம். நான் சொன்னதைக் கேட்டதும் கத்தியை வைத்துவிட்டார்.

"சீ! என்ன அரியண்டம்! மனிசர் செய்யிற வேலையே உது? ஆருக்கும் சொல்லிப் போடாதை."

வெட்டின மீனை அப்படியே விட்டுவிட்டுக் கிணற்றடிக்குப் போய்த் தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டார், செத்த வீட்டுக்குப் போய் வந்தவர் மாதிரி. ஆட்டின் குடலையும் இரத்தத்தையும் சேர்த்து வறை வறுப்பதில் எங்கள் ஒழுங்கையில் அம்மாவை அடிக்க ஆள் இல்லை. அதை வழித்துச் சாப்பிட்டு வளர்ந்தவர்கள்தான் நானும் தங்கச்சியும். எது அருவருப்பு, எது ருசி என்று யார் எப்போது பிரித்து வைத்தார்களோ தெரியாது. எங்களுக்கு அது கேள்வியாகவே வந்ததில்லை. பால் வரவில்லை என்றும் அழுகை வருகிறதென்றும் அவள் சொன்னதை நான் அம்மாவிடம் சொல்லவில்லை. அதுதான் செய்தி என்று எனக்குத் தோன்றவே இல்லை.

என் இரண்டு பிள்ளைகளும் பிறந்தபோது என் நச்சுக்கொடி எங்கே போனதென்று நான் கேட்டதில்லை. தாதி ஒருத்தி வாளியில் கொண்டு போனது அரைகுறையாக நினைவிருக்கிறது. வீட்டுக்கு வந்தபின் முப்பத்தொரு நாளும் அம்மா என்னைத் தரையில் கால் வைக்க விடவில்லை. சரக்கு அரைத்த கறி, வேப்பிலை அவித்த வெந்நீர், நல்லெண்ணெய், பூண்டு என்று வீடே மணக்கும். நான் அலுத்துக்கொண்டு சாப்பிட்டேன். தங்கச்சியின் பேறுக்கு அம்மாவுக்கு விசா கிடைக்கவில்லை. தங்கச்சியின் புருஷன் இரண்டு வேலை செய்கிறவர். அந்த வீட்டில் அவளுக்கு யார் சமைக்கிறார்கள் என்று நான் ஒரு நாளும் கேட்கவில்லை.

மூன்று வருடம் கழித்து, பத்து நாள் லீவில் பிள்ளையோடு வந்தாள். மெலிந்திருந்தாள், கதைப்பதும் குறைந்திருந்தது. ஆனால் வந்த இரண்டாம் நாளே குசினியைப் பிடித்துக்கொண்டாள். அம்மாவுக்குத் தன் கையால் ஒரு வேளையாவது சமைத்துப் போட வேண்டுமாம். கத்தரிக்காய்ப் பொரித்த குழம்பு வைத்தாள். அம்மா தனக்கு வாய்வு என்றார். புட்டு அவித்தாள். அம்மா விரதம் என்றார். அது என்ன விரதமென்று நான் கேட்டால் என்னை முறைத்தார். இடியப்பமும் சொதியும் வைத்த அன்று, குளிசை போட்டபடியால் வாய் கைக்கிறது என்று சொல்லிவிட்டு, பாண்காரன் வந்ததும் படலைக்குப் போய் ஒரு றாத்தல் பாண் வாங்கி வந்து, வெறும் தேத்தண்ணியில் தோய்த்துத் தின்றார். அந்தத் தேத்தண்ணியையும் தானே ஊற்றினார்.

அம்மா கல்நெஞ்சக்காரி அல்ல, அதையும் சொல்லத்தான் வேண்டும். பேத்தியை மடியை விட்டு இறக்கவில்லை. பிள்ளை கடித்து எச்சில் ஒழுக நீட்டிய பிஸ்கட்டை வாங்கிச் சிரித்துக்கொண்டே வாயில் போட்டார். எதிரே நின்ற தங்கச்சி அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். எனக்கு அங்கே நிற்க முடியவில்லை. கோழிக்குத் தீன் போடுகிற சாட்டில் வெளியே போய்விட்டேன்.

எட்டாம் நாள் நான் தேங்காய் துருவிக்கொண்டிருக்கும்போது பக்கத்தில் வந்து குந்தினாள்.

"அம்மா ஏன் அக்கா என்ரை கையாலை ஒண்டும் சாப்பிடுறா இல்லை?"

"வயசு போட்டுதெல்லே. உவவின்ரை குணம் உனக்குத் தெரியாதே?"

"அக்கா."

துருவலையில் என் கை நின்றுவிட்டது. அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. துருவிய பூவை விரலால் கூட்டிக்கொண்டிருந்தாள். சொன்னேன், எல்லாவற்றையும். மாட்டுக்கொட்டிலில் இருந்து சிரித்ததையும், கை காயுமுன் போய்ச் சொன்னதையும், அம்மா குளித்ததையும். அழுவாள் என்று நினைத்தேன். அவள் அழவில்லை.

"அப்ப நீ அதைப் போட்டனியோ?" என்று கடைசியில் நான்தான் கேட்டேன். அந்த நேரத்திலும் எனக்கு அதுதான் தெரிய வேண்டியிருந்தது. நினைத்தால் என்னை நானே அடிக்கலாம் போலிருக்கிறது.

"ஓம் அக்கா. போத்தல் முடியுமட்டும் போட்டனான்."

"பால் வந்ததே?"

"இல்லை. ஒண்டும் வரேல்லை. பிறகு டொக்டரிட்டைப் போய், அழுகைக்கு வேறை மருந்து ஒரு வருசம் எடுத்தனான்."

கூட்டிய பூவைச் சட்டியில் அள்ளிப் போட்டாள்.

"பேறு பார்த்த மனிசி ஒரு நாள் பஸ்ஸிலை வந்து அந்தப் போத்தலைத் தந்துவிட்டுப் போனவ. வெளியிலை ஒரே பனி. பிள்ளை பிறந்த பிறகு எனக்கெண்டு ஒராள் செய்து, வீடு தேடிக் கொண்டு வந்து தந்தது அது ஒண்டுதான் அக்கா. அதுக்குள்ளை என்ன இருக்குதெண்டு நான் யோசிக்கேல்லை. ஒராள் தருகுதெண்டுதான் விழுங்கினனான்."

மன்னிப்புக் கேட்கிற பழக்கம் எங்கள் வீட்டில் இல்லை. "இவ்வளவு தேங்காய்ப்பூ காணும்" என்று சொன்னேன். அவள் சட்டியை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

கடைசி நாள் பின்னேரம் அவர்களை விமான நிலையத்துக்கு ஏற்றிப் போகும் வான் வர இருந்தது. அம்மா காலையிலேயே அயலவர்களோடு கீரிமலைக்குப் போய்விட்டார். கோயிலில் நேர்த்தியாம், வான் வருமுன் வந்துவிடுவாராம். யாருக்கு யார் ஒளிக்கிறார்கள் என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது. தங்கச்சி பிள்ளையை நித்திரையாக்கிவிட்டு, மிஞ்சியிருந்த சோற்றையும் கறிகளையும் ஒரே சட்டியில் போட்டுக் குழைத்தாள். சின்ன வயதில் அம்மா குழைத்து, நாங்கள் சுற்றியிருந்து கை நீட்ட, திரளை திரளையாக உள்ளங்கையில் வைப்பார். அப்படித்தான் அவளும் ஒரு திரளை பிடித்து என்னிடம் நீட்டினாள்.

அம்மாவைப் போல நானில்லை என்ற பெருமை எனக்கு உள்ளுக்குள் இருந்தது. அத்தனை நாளும் அவள் சமைத்ததைக் கரண்டியால் போட்டுக் குறைவில்லாமல் சாப்பிட்டிருந்தேன். அன்றைக்கு அம்மாவின் பங்கையும் சேர்த்துச் சாப்பிடுவதென்று நினைத்துத்தான் கை நீட்டினேன். அவள் விரல்கள் பிடித்த அடையாளம் சோற்றில் அப்படியே இருந்தது, இளஞ்சூடாக. வாய்க்குக் கிட்டக் கொண்டு போனேன். வாய் திறக்கவில்லை. அந்தப் போத்தல் நினைவுக்கு வந்தது. செம்பை எட்டி எடுத்துத் தண்ணீர் குடித்தேன், விக்கல் வந்தவள் மாதிரி.

அவளுக்குத் தெரிந்துவிட்டது.

"கட்டாயமில்லை அக்கா" என்றாள். கோபமே இல்லை. என் உள்ளங்கையிலிருந்த திரளையை எடுத்துத் தன் வாயில் போட்டு மென்றாள். பிறகு சட்டியை மடியில் வைத்துக்கொண்டு மிச்சம் முழுவதையும் தானே சாப்பிட்டு முடித்தாள். நான் எதிரே இருந்தேன், கையில் ஒட்டியிருந்த நாலு பருக்கையோடு.