அக்காவுக்காகப் பேசியவன்

தம்பிக்குத் தொழில் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பது. கற்க வந்தவர் ஸ்டியரிங்கைப் பிடித்திருப்பார். பக்கத்து இருக்கையில் இவன், காலடியில் தனக்கென்று ஒரு பிரேக்குடன். எதிரே பேருந்து வந்தால் மிதிப்பான். வரக்கூடும் என்று தோன்றினாலும் மிதிப்பான். சாலை வெறிச்சென்று கிடந்தால், ஏன் இப்படிக் கிடக்கிறது என்று யோசித்து மிதிப்பான். அதைப் பார்த்துத்தான் அக்காவின் புருஷன் அவனுக்கு ‘பிரேக்கு’ என்று பேர் வைத்தார். அக்கா மட்டும் தம்பி என்பாள். நாமும் அப்படியே சொல்லிக்கொள்வோம், கொஞ்சம் மரியாதையாகவாவது இருக்கட்டும்.

அக்காவின் சிறுநீரகங்கள் இரண்டும் கைவிரித்தபோது அத்தான் தன்னுடையதில் ஒன்றைக் கொடுத்தார். ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. இரண்டு பேரும் தேறும்வரை ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் இருக்கட்டும் என்று தம்பி தன் ஃபிளாட்டுக்கே அழைத்து வந்தான். படுக்கையறையை அவர்களுக்கு விட்டுவிட்டு சோபாவுக்குக் குடிபெயர்ந்தான். அத்தான் கொடுத்தது சிறுநீரகம். தம்பி கொடுத்தது ஆலோசனை. அதற்கு அவனிடம் தட்டுப்பாடு வந்ததே இல்லை.

துடைத்துத் துடைத்தே கதவுக் கைப்பிடிகளின் பூச்சு உதிர்ந்துவிட்டது. பழத்தோடு நலம் விசாரிக்க வந்த மேல்மாடி அம்மாளை வாசலில் நிறுத்தி, கடைசியாகத் தும்மியது எப்போது என்று கேட்டான். அந்த அம்மாள் பழத்தைத் தரையில் வைத்துவிட்டுப் போனவர்தான், அப்புறம் லிஃப்டில் பார்த்தால் சுவரைப் பார்த்துக்கொள்கிறார். மாத்திரை நேரத்துக்கு அவன் கைபேசி தீயணைப்பு வண்டி மாதிரி அலறும். அக்கா தண்ணீர் டம்ளரைத் தேடுவதற்குள் இவன் மாத்திரையை உள்ளங்கையில் ஏந்திக்கொண்டு நிற்பான்.

“மாப்ள, கட்டிக்குடுத்த பொண்ணு மாதிரிடா அந்தக் கிட்னி,” என்பார் அத்தான், தையல் போட்ட இடத்தைப் பிடித்துக்கொண்டு சிரிக்காமல் சிரிக்க முயன்றபடி. “போன வீட்ல எப்படி இருக்கோன்னு நான்தான் கவலப்படணும். நீ எதுக்கு இந்தக் குதி குதிக்கிற?”

குதிக்கக் காரணம் இருந்தது. புதிய உறுப்பை உடம்பு அந்நியனாகத்தான் பார்க்கும். கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளக் கிளம்பும். அந்த மாத்திரைதான் உடம்பைத் தட்டிக்கொடுத்து உட்கார வைக்கிறது. குறைந்தால் உடம்பு எழுந்துவிடும். கூடினால் சிறுநீரகமே நோகும். அதனால் ரத்தத்தில் மருந்து எவ்வளவு இருக்கிறது என்று அடிக்கடி பார்ப்பார்கள்.

இந்த ஊர்ப் பாஷையில் அக்காவுக்குக் கடைக்குப் போய்வருகிற அளவுதான் பழக்கம். அத்தானுக்கு ‘நன்றி’, ‘தள்ளுபடி’ இரண்டும் தெரியும். ஆகவே டாக்டரிடம் பேசுவதெல்லாம் தம்பிதான். டாக்டர் நீளமாகச் சொல்வார். இவன் தமிழில் சுருக்கமாக, “ஒண்ணும் பயமில்லையாம்,” என்பான். அக்கா சின்னதாக ஒன்று கேட்பாள். இவன் அதோடு தன் கேள்வி நாலைச் சேர்த்துவிடுவான். வீட்டுக்கு அனுப்பும் நாளில் டாக்டர் மாத்திரைகளை விளக்கிக்கொண்டிருந்தபோது, ஜன்னலோரப் பூந்தொட்டியை அப்புறப்படுத்த வேண்டுமா என்ற கேள்வியை இலக்கணப் பிழையில்லாமல் மனத்துக்குள் கோத்துக்கொண்டிருந்தான் தம்பி. கேள்வி அருமையாக வந்தது. நடுவில் டாக்டர் சொன்ன இரண்டு மூன்று வாக்கியங்கள்தான் காதுக்குள் நுழையாமலே போய்விட்டன.

ரத்தப் பரிசோதனை நாளன்று காலையில் கைபேசி அலறியது.

“ஏன்டா, ரத்தம் குடுத்துட்டு வந்து போட்டுக்கவா?” என்றாள் அக்கா. “வார்டுல பக்கத்து பெட்டுக்காரங்க மாத்திரைய கைல எடுத்துட்டுப் போவாங்களே.”

“அவங்க மறதியில எடுத்துட்டுப் போயிருப்பாங்க. நேரம்னா நேரம். வாயத் திற.”

ஆஸ்பத்திரியில் நர்ஸ் அக்காவைப் பார்த்து, மாத்திரையெல்லாம் சொன்னபடிதானே என்று கேட்டாள். அக்கா வாயெடுப்பதற்குள், “சொன்னபடியே, ஒரு நிமிடம்கூடப் பிசகவில்லை,” என்று தம்பி முந்திக்கொண்டான். நர்ஸ் பிரமாதம் என்றாள். அந்தப் பிரமாதத்தை அவன் வீடுவரை அசைபோட்டுக்கொண்டு வந்தான்.

மறுநாள் ஆஸ்பத்திரியிலிருந்து ஃபோன் வந்தது. ரத்தத்தில் மருந்து எக்கச்சக்கமாக இருக்கிறதாம். இன்றிலிருந்து பாதி போதுமாம். தம்பி பாதியாக்கினான், ஒரு நிமிடம்கூடப் பிசகாமல்.

அடுத்த நாள் அவனிடம் பாடம் படிக்க வந்தவர் ஒரு பேக்கரிக்காரர். நல்ல மனிதர், ஸ்டியரிங்கை மட்டும் மாவு பிசைகிற மாதிரி பிசைவார். இடப்பக்கம் திரும்பினார். பின்னால் ஒரு சைக்கிள்காரர் கத்திக்கொண்டே ஒதுங்கினார்.

“கண்ணாடி பாத்தீங்களா?” என்றான் தம்பி.

“பாத்தேனே.”

“எப்ப பாத்தீங்க?”

“திரும்புனப்புறம்.”

“முன்னாடி பாக்கணுங்க! திரும்புனப்புறம் பாத்தா அதுல என்ன தெரியும்? நீங்க ஏற்கனவே பண்ணி வச்சதுதான்...”

சொல்லிக்கொண்டே வந்தவன் பிரேக்கை மிதித்தான். பக்கத்து பெட்டுக்காரர்கள் மாத்திரையை ஏன் கையில் எடுத்துப்போனார்கள் என்பது அந்தத் திருப்பத்தில் விளங்கிவிட்டது. முந்தின வேளை மருந்து எவ்வளவு மிச்சம் நிற்கிறது என்று பார்க்கத்தான் ரத்தம் எடுக்கிறார்கள். இவனோ மாத்திரையை வாயில் போட்ட கையோடு அழைத்துப் போயிருக்கிறான். ரத்தத்தில் எக்கச்சக்கமாகத்தான் இருக்கும்.

அப்படியானால் பாதியாக்கியது? அக்காவின் உடம்பு எந்நேரமும் எழுந்து சட்டைக் கையை மடித்துக்கொண்டு கிளம்பலாம்.

வண்டியை ஓரங்கட்டச் சொல்லி இறங்கினான். பேக்கரிக்காரர், தன்னால்தான் வாத்தியாருக்கு மயக்கம் என்று நினைத்துத் தண்ணீர் பாட்டிலை நீட்டினார். தம்பி ஆஸ்பத்திரிக்கு ஃபோன் போட்டான். இரண்டு பாஷை படித்தவனுக்கு, ‘தப்பு என்னுடையது’ என்பதற்கு இரண்டிலும் வார்த்தை வர மறுத்தது. நர்ஸ் கேட்டுவிட்டு, டாக்டரிடம் பேசிவிட்டு வந்து சொன்னாள்: இன்று இரவு முதல் பழைய அளவு; நாளைக் காலை ரத்தம் எடுத்த பிறகுதான் மாத்திரை; சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்பதையும் நாளையே பார்த்துவிடலாம்.

வீட்டில் விஷயத்தைச் சொன்னபோது அத்தானுக்கு விளையாட்டுப் பேச்சு வரவில்லை. அக்காவின் வயிற்றுப் பக்கம் ஒரு தடவை பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். தம்பிக்கு அதைவிட நாலு அறை விட்டிருக்கலாம்.

அக்காதான் பேசினாள். “நான் அன்னைக்கே கேட்டேன்ல?”

“கேட்ட.”

“என் உடம்புடா அது. எங்கிட்ட கேட்டதுக்கு நீ பதில் சொல்ற. நான் கேட்டதுக்கும் நீயே பதில் சொல்ற. நடுவுல நான் எதுக்கு? ஊசி குத்தறதுக்கா?”

தம்பி கைபேசியை எடுத்து, காலை மாத்திரைக்கான அலாரத்தை அணைத்தான்.

“நாளைக்கு நான் பேசிக்கறேன். நீ வெளிய உக்காரு.”

மறுநாள் காலை அக்கா மாத்திரையைக் கைப்பையில் போட்டுக்கொண்டு தனியாக உள்ளே போனாள். கண்ணாடிக் கதவுக்கு அப்பால் அவள் கையை ஆட்டிப் பேசுவது தெரிந்தது. வினைச்சொல்லே இல்லாமல் பேசிக்கொண்டிருப்பாள் என்று தம்பிக்குத் தெரியும். எழுந்தான், உட்கார்ந்தான், மறுபடி எழுந்தான். சட்டை முதுகோடு ஒட்டியது. உள்ளேயிருந்து நர்ஸ் இரண்டு தடவை எட்டிப் பார்த்தாள்.

சாயங்காலம் ஃபோன் வந்தபோது தம்பியின் கை தானாக நீண்டது. அக்கா அதைத் தட்டிவிட்டு, தானே எடுத்து, கேட்டு, ஏதோ திருப்பிக் கேட்டு, மறுபடி கேட்டு, வைத்தாள்.

“மருந்து சரியான அளவுல இருக்காம். பழைய மாத்திரையே போதும். கிட்னிக்கு ஒண்ணும் ஆகலயாம். நான் ரெண்டு தரம் கேட்டுட்டேன்.”

அத்தான் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “எங்க வீட்டுப் பொண்ணுல்ல, தாங்கும்,” என்றார்.

“இன்னொண்ணும் சொன்னாங்க,” என்றாள் அக்கா. “காலைல, வெளிய உக்காந்திருக்கறவருக்கு என்ன, இப்படி வேர்த்துக் கொட்டுது, உடம்பு முடியலையான்னு கேட்டாங்க.”

“நீ என்ன சொன்ன?”

“அவன் பொறந்ததுலேர்ந்தே அப்படித்தான்னு சொல்லணும்னு பாத்தேன். அவ்ளோ நீளமா வரல. ஆமான்னுட்டேன்.”

“ஐயோ, அக்கா!”

“வெள்ளிக்கிழமை உனக்கு டாக்டர பாக்க நேரம் குடுத்திருக்காங்க. பதறாத, நானும் கூட வர்றேன். என்ன கேட்டாலும் நான் சொல்லிக்கறேன்.”