ரிஜக்ட் விலையில் ஒரு ட்ராலி பை

பைலட் என்று தெரிந்தால் ஆம்பூரில் தக்காளி விலைகூட ஏறிவிடும். வேலைக்கு ஆர்டர் வந்த வாரத்திலேயே இதைத் தெரிந்துகொண்டேன். ஆட்டோக்காரர் மீதிச் சில்லறை தரவில்லை. சொந்தக்காரர்கள் துபாய்க்கு டிக்கெட் இலவசமாகக் கிடைக்குமா என்று விசாரித்தார்கள். பயிற்சிக்காக விற்ற மனையைப் பற்றி மட்டும் யாரும் விசாரிக்கவில்லை.

திங்கட்கிழமை வேலையில் சேரும்போது எழுத்தோ படமோ இல்லாத கறுப்பு ட்ராலி பை ஒன்று கையில் இருக்க வேண்டும் என்று விமானக் கம்பெனி சொல்லிவிட்டது. முதல் சம்பளம் வர இன்னும் ஒரு மாதம். என்னிடம் இருந்தது இரண்டாயிரம் ரூபாய். தோல் ஊரில் இருந்துகொண்டு தோல் பை வாங்கக்கூடாதா என்று கேட்பீர்கள். எங்கள் ஊர்த் தோலை வாங்க ஜெர்மனியில் பிறந்திருக்க வேண்டும். எனக்கு நைலான் போதும் என்று வேலூருக்குப் பஸ் ஏறினேன்.

கூடவே அம்மாவையும் அழைத்துப்போனேன், புத்தி கெட்டுப்போய். ஷூ கம்பெனியில் அம்மாவுக்கு இருபது வருடமாகச் செக்கிங் வேலை. தோலில் கீறலோ தையலில் கோளாறோ கண்ணில் பட்டால், சில்வர் பேனாவால் வட்டம் போட்டு, ரிஜக்ட் என்று ஒதுக்கிவிடுவாள். பாஸ் ஆனது மட்டும் வெளிநாட்டுக்குக் கப்பல் ஏறும்.

"கடையில பைலட்னு வாயத் திறக்காதம்மா. நான் மெடிக்கல் ரெப், சரியா?"

தலையை ஆட்டினாள்.

கடைக்கார பாய் ஒரு பையை எடுத்து வைத்து மூவாயிரத்து ஐந்நூறு என்றார். நான் பேரம் பேச வாயெடுப்பதற்குள் அம்மா பையைப் புரட்டி, கைப்பிடியை இழுத்து, சக்கரத்தை ஆட்டி, சில்வர் பேனாவை எடுத்து ஐந்து இடத்தில் வட்டம் போட்டுவிட்டாள். எல்லாம் கைப்பழக்கம்.

"இன்னாம்மா இது, விக்கிற சரக்குல கோடு போட்டுட்டீங்க?"

"தையல் வுட்டிருக்குது பாய். சக்கரம் ஆடுது. காட்டினேன்."

தோலாக இருந்தால் துடைத்தால் போயிருக்கும். நைலான் மையைக் குடித்துவிட்டது. இனி இதை யார் வாங்குவார்கள் என்று பாய் பையை எங்கள் பக்கம் தள்ளினார்.

அம்மா அசரவில்லை. "அப்போ ரிஜக்ட் ரேட் போடுங்க."

"பொண்ணு வேலைக்குப் போவுதா?" என்றார் பாய்.

நான் மெடிக்கல் ரெப் ஆவதற்குள் அம்மா முந்திக்கொண்டாள். "எங்க போவுது? ரெண்டு வருஷமா வீட்லதான் கெடக்குது. நாலு கம்பெனில ரிஜக்ட் பண்ட்டாங்க. இன்டர்வியூல கேட்டா பேச்சு வர்ல. யாரு வூட்டுக்கு வந்தாலும் ரூமுக்குள்ள போய் கதவ சாத்திக்குது. பாக்க முடியல பாய்."

போன வாரம் வரை இதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. பாய் என்னை மேலும் கீழும் பார்த்தார். ஆயிரத்து எண்ணூறுக்குக் கொடுத்துவிட்டார். வட்டங்களின் மேல் நான் கறுப்பு மார்க்கர் அடித்துக்கொள்ளலாம் என்று யோசனையும் சொன்னார்.

மலிவாகக் கிடைத்த சந்தோஷம் பஸ் ஸ்டாண்டு வரைகூடத் தாங்கவில்லை. ஆம்பூர் பஸ்ஸில் உட்கார்ந்ததும் வெடித்தேன். "என் குறையெல்லாம் இத்தன நாளா எண்ணி வெச்சினு இருந்தியா?"

அம்மா பையை மடியில் இழுத்து வைத்துக்கொண்டாள்.

"நல்ல சரக்கெல்லாம் கப்பல் ஏறிடும்டீ. ரிஜக்ட் ஆனதுதான் நம்மகூட தங்கும்" என்றாள். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, "உன்னையும் பாஸ் பண்ட்டாங்க" என்றாள்.