என் காவிப் பல்லும் அவளுடைய பேஸ்ட்டும்

எங்கள் வீட்டில் சத்தம் போட்டுச் சிரிப்பது என் மனைவியின் இலாகா. தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரி. பல்வரிசை முழுக்கத் தெரிய, தலையைப் பின்னால் சாய்த்து, பக்கத்து வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்க்கும்படி சிரிப்பாள். நானோ மீசையைத் தடவுவது போல வாயை மூடிக்கொண்டு சிரிப்பவன். பென்னாகரம் பக்கத்தில் நான் குடித்து வளர்ந்த கிணற்றுத் தண்ணீர் என் பற்களில் காவி ஏற்றிவிட்டிருந்தது. ஊரில் எல்லோருக்கும் அதே பல் என்பதால், அங்கே இருந்தவரை அது ஒரு குறை என்றே எனக்குத் தெரியாது. வேலைக்காக வெளியூர் போன பிறகுதான், புகையிலை போடுவீர்களா என்று பார்ப்பவரெல்லாம் கேட்டார்கள். வெற்றிலையைக்கூடத் தொடாதவன் நான். எத்தனை பேருக்குத்தான் விளக்கம் சொல்வது? கை தானாகவே வாய்க்குப் போகப் பழகிவிட்டது.

ஊர் ஊராக மாற்றலாகி, கடைசியில் தருமபுரிக்கே வந்து சேர்ந்தோம். இருவருக்கும் ஐம்பது தாண்டிவிட்டது. ஒருநாள் மாலை என் மேலதிகாரி பேசுவது போல நடித்துக் காட்டினேன். அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். எனக்கு என்னவோ போலாகிவிட்டது. துருவித் துருவிக் கேட்டதும் சொன்னாள். ஈறு இறங்கி, இரண்டு பற்களின் அடிப்பக்கம் கறுத்து, குளிர்ந்த தண்ணீர் பட்டாலே கூசியதாம். எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டுப் பல்செட்டு மாட்டப் போகிறார்கள் என்று யாரோ பயமுறுத்தியும் விட்டிருந்தார்கள். அந்தப் பயத்தில்தான் இப்போதிருந்தே வாயை மூடிப் பழகிக்கொண்டிருந்தாள். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"இந்த வூட்டுல வாய மூடிச் சிரிக்க ஒருத்தன் போதும். கெளம்பு" என்றேன்.

சேலத்தில் ஒரு பல் டாக்டர், சின்ன வயசுக்காரர். நிதானமாகப் பார்த்துவிட்டு, வேர்ப்பக்கம் மிருதுவாகிக்கொண்டு வருகிறது, உடனே பிடுங்க வேண்டாம், முயற்சி செய்து பார்க்கலாம் என்றார். ஒரு பேஸ்ட் எழுதிக் கொடுத்தார். கடையில் விற்பதைவிடப் பல மடங்கு ஃப்ளோரைடு உள்ளது. டாக்டர் சீட்டு இருந்தால்தான் தருவார்கள். இரவு படுக்கும் முன் துளி வைத்துத் தேய்த்து நுரையைத் துப்ப வேண்டும், விழுங்கக் கூடாது, வாயும் கொப்பளிக்கக் கூடாது. ஃப்ளோரைடு என்றால் என்ன என்று சும்மா இருக்காமல் கேட்டேன். அவர் பதில் சொல்லாமல், எந்த ஊர் என்று கேட்டார். சொன்னதும் என்னையும் வாயைத் திறக்கச் சொன்னார். நான் தயங்கினேன். "தொறங்களேன், என்னா இப்ப" என்றாள் மனைவி.

கண்ணாடியை விட்டு மூலை முடுக்கெல்லாம் பார்த்தார். ஒரு பல்லிலும் சொத்தை இல்லை. "அம்மாவுக்கு நான் எழுதிக் குடுத்தது உங்க கெணத்துலயே இருந்துருக்குங்க. என்ன, அளவுதான் ரொம்ப ஜாஸ்தி" என்றார். அளவு மீறினால் பல்லோடு நிற்காது, எலும்பையும் பிடிக்கும் என்றும் சொன்னார். அது நான் கண்ணாலேயே பார்த்ததுதான். அதே தண்ணீரைக் குடித்த என் அண்ணனுக்குக் கழுத்து திரும்பாது. என் மனைவி காதில் விழுந்தது முதல் பாதி மட்டும். தொப்பூர் மலைப்பாதையில் பஸ் ஏறி முடிக்கும்வரை முந்தானைக்குள்ளேயே குலுங்கிக் குலுங்கிச் சிரித்துக்கொண்டு வந்தாள்.

அந்தப் பேஸ்ட் தருமபுரியிலும் இல்லை, சேலத்திலும் இல்லை. எங்கள் ஊர்க் கிணறு எனக்கு இனாமாகத் தந்ததை, பெங்களூருக்கு ரயிலேறிப் போய் அவளுக்கு வாங்கி வந்தேன். தெருவுக்கே கேட்கும்படி கொப்பளிக்கும் ஜாதி அவள். கொப்பளிக்காமல் படுப்பது அவளுக்குப் பெரிய தவம். பேஸ்ட் வாசம் போய்விடுமோ என்று வாயையும் திறக்க மாட்டாள். கல்யாணமான நாளிலிருந்து முதன்முறையாக, தூங்கப் போகும் நேரத்தில் நான் பேசவும் அவள் கேட்கவும் நேர்ந்தது. என் பேச்சு பிடிக்காவிட்டால் தலையணையால் ஒரு அடி. அவ்வளவு சந்தோஷமான சண்டைகளை நாங்கள் அதற்கு முன் போட்டதில்லை.

சில மாதம் கழித்து டாக்டர் ஊசி போன்ற கம்பியால் அவள் பல்லைக் குத்திப் பார்த்தார். மிருதுவாக இருந்த இடம் இறுகியிருந்தது. பிடுங்க வேண்டியதில்லை, பேஸ்ட்டை மட்டும் விடாதீர்கள் என்றார். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அவள் பார்ப்பதற்குள் துடைத்துக்கொண்டேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமையே ஒகேனக்கல் போனோம். பொரித்த மீனைத் தலையோடு கடித்து ஒரு கை பார்த்தாள். பிறகு அருவிக்கு முன்னால் நிறுத்தி எங்களைப் படம் எடுக்க ஒரு போட்டோக்காரர் வந்தார். வழக்கம்போல என் கை மீசைக்குப் போனது. அவள் அதை இழுத்துப் பிடித்துக்கொண்டு, "டாக்டர் சீட்டு எழுதித் தர்ற மருந்துலயே ஊறுன பல்லுங்க ஒங்களுது, சும்மாவா?" என்று சொல்லிவிட்டு, தலையைச் சாய்த்து அந்தப் பழைய சிரிப்பைச் சிரித்தாள். என்னாலும் அடக்க முடியவில்லை.

போட்டோக்காரர் கேமராவை இறக்கினார். "சார், கொஞ்சம் வாய மூடிக்கிட்டீங்கன்னா படம் நல்லா வருங்க."

"அவரு மூடுனதெல்லாம் போதும்" என்றாள் அவள். "நீங்க எடுங்க."

அந்தப் படம் எங்கள் கூடத்தில் மாட்டியிருக்கிறது. வீட்டுக்கு வருகிறவர்கள் அருவியைப் பார்ப்பதில்லை, என் பல்லைத்தான் பார்க்கிறார்கள். பார்க்கட்டும்.